மாடிக்கு கோட்டிங், பார்க்கிங் தரைக்கு சீலர்: ₹1.28 லட்சம் கொட்டேஷனுக்கு சரின்னு சொல்லலாமா?



மார்ச் மாசம் வந்தா "வரி மிச்சப்படுத்த எதுல போடலாம்?"னு கேக்கிற மாதிரி, ஐப்பசி மழை ஆரம்பிச்சதும் நம்ம சேனலுக்குத் தவறாம வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "சீலிங்ல ஈரம் தெரியுது சார். வாட்டர்ப்ரூஃபிங் ஆள் வந்து பார்த்தார். ஒன்றேகால் லட்சத்துக்கு மேல ஆகும்னு சொல்றார். பெர்சனல் லோன் போட்டு முடிச்சுடலாமா?"

நான் ஆடிட்டர், சிவில் இன்ஜினியர் கிடையாது. அதனால எந்த பிராண்டு கோட்டிங் நல்லதுன்னு இந்தப் பதிவுல சொல்லப் போறதில்ல. ஒரு கொட்டேஷனை வரி வரியாப் பிரிச்சு, எது இப்பவே தேவை, எதைத் தள்ளிப் போடலாம், எதுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்னு எப்படி முடிவு பண்றதுன்னு பார்ப்போம். லோன், வரிச்சலுகை, ஜி.எஸ்.டி., வாரண்டி எல்லாம் அதுக்கு அப்புறம் வரும்.

உதாரணத்துக்கு ஒரு கொட்டேஷன்

கார்த்திக்னு ஒருத்தரை வச்சுக்குவோம். வயசு 28, கைக்கு வர்ற சம்பளம் ₹62,000. தாம்பரம் பக்கத்துல அப்பா 12 வருஷத்துக்கு முன்னாடி கட்டின தனி வீடு. அப்பா ரிட்டயர் ஆயிட்டார், வீட்டுச் செலவு கார்த்திக் பொறுப்பு. எமர்ஜென்சி ஃபண்டுன்னு ₹1.5 லட்சம் எஃப்.டி.யில் இருக்கு. முதல் மழையிலேயே பெட்ரூம் சீலிங் மூலையில் ஒரு ஈரத் திட்டு. வந்து பார்த்தவர் கொடுத்த கொட்டேஷன் இது:

- மொட்டை மாடி பி.யூ. கோட்டிங், 1,000 சதுர அடி × ₹85 = ₹85,000
- கைப்பிடிச்சுவர் விரிசல், மூலை ஓர வேலை = ₹12,000
- கார் நிறுத்துற இடத்துல பேவர் பிளாக்குக்கு சீலர், 300 சதுர அடி × ₹40 = ₹12,000
- ஜி.எஸ்.டி. 18% = ₹19,620
- மொத்தம் ₹1,28,620

இந்த ரேட்டெல்லாம் கணக்குக்காக எடுத்தது. ஊருக்கு ஊர், மெட்டீரியலுக்கு மெட்டீரியல் மாறும். உங்க கைல இருக்கிற கொட்டேஷன் நம்பரைப் போட்டுப் பாருங்க, வழிமுறை அதேதான்.

முதல் கேள்வி: தண்ணி கீழே இறங்கினா எது கெடும்?

எந்தத் தரைக்கு சீல் பண்ணச் சொன்னாலும் முதல்ல இதைக் கேளுங்க. "இதுக்குக் கீழே என்ன இருக்கு? தண்ணி பட்டா அது கெடுமா?"

மாடிக்குக் கீழே கான்கிரீட், அதுக்குள்ள இரும்புக் கம்பி. ஈரமும் காத்தும் கம்பியைத் தொட்டா துரு பிடிக்கும். துருப் பிடிச்ச இரும்பு, பழைய இரும்பைவிட ரெண்டு மடங்குக்கும் மேல இடம் எடுத்துக்கும். அந்த அழுத்தத்துல சுத்தி இருக்கிற கான்கிரீட் வெடிச்சு, பொறுக்கு பொறுக்கா கீழே விழும். பழைய வீடுகள்ல சீலிங் பெயர்ந்து கம்பி தெரியிறதைப் பார்த்திருப்பீங்க, அது இப்படி வர்றதுதான். அந்த நிலைக்குப் போனா செலவு சதுர அடிக்கு இவ்வளவுங்கிற கணக்கைத் தாண்டிடும். கீழே தூங்குறவங்க மேல விழாம இருக்கணும்ங்கிற கவலையும் சேரும்.

மாடியில எவ்வளவு தண்ணி விழுதுன்னும் ஒரு கணக்குப் போடுங்க. சென்னையில் வருஷத்துக்குச் சராசரியா 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை, அதுல பாதிக்கு மேல அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும். 1,000 சதுர அடிங்கிறது சுமார் 93 சதுர மீட்டர். ரெண்டையும் பெருக்கினா வருஷத்துக்கு சுமார் 1.3 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரி கிட்டத்தட்ட 11 வந்து உங்க மாடியில கொட்டுற மாதிரி. இவ்வளவும் வடிகுழாய் வழியா ஒழுங்கா வெளியே போயிட்டா பிரச்சினை இல்ல. ஒரு விரிசல்ல தேங்கி நின்னா போதும், வேலையை ஆரம்பிச்சுடும்.

இப்போ கார் நிறுத்துற இடத்துக்கு வாங்க. பேவர் பிளாக்குக்குக் கீழே மணல் அல்லது எம்-சாண்ட், அதுக்குக் கீழே ஜல்லி, அப்புறம் மண். தண்ணி இறங்கினா என்ன கெடும்? ஒண்ணும் கெடாது. கல்லுக்கு நடுவுல இருக்கிற மணல் இடுக்கு வழியா கொஞ்சம் மழைத்தண்ணி பூமிக்குள்ள போறது நமக்கு நல்லதுதான். தமிழ்நாட்டுல மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கினது 2003-ல். அப்படியிருக்க, காசு கொடுத்து அந்த இடுக்கையும் அடைக்கச் சொல்றது எதுக்கு?

சீலர் அடிச்சா கல்லோட கலர் பளிச்சுன்னு தெரியும், எண்ணெய்க் கறை சீக்கிரம் ஒட்டாது, பாசி கொஞ்சம் குறையும். இதெல்லாம் உண்மைதான். ஆனா அது அழகுக்கான செலவு. ஒரு ஜோடி ஷூ வாங்குற மாதிரி, கையில காசு இருந்தா பிடிச்சாப் பண்ணுங்க. "சீலர் போடலேன்னா கல்லு போயிடும்"னு சொன்னா நம்ப வேண்டாம். வெயில்லயும் டயர் உரசல்லயும் சில வருஷத்துல தேஞ்சு போகும், அப்புறம் திரும்ப அடிக்கணும். சில வகை சீலர் மழையில வழுக்கவும் செய்யும். வயசானவங்க நடமாடுற வாசலா இருந்தா அதையும் யோசிங்க. கல்லு எங்கேயாவது இறங்கி இருந்தா, அந்த இடத்துல மட்டும் கல்லை எடுத்து, மணல் நிரப்பி, திரும்பப் பதிக்கலாம். அதுக்கு ஒரு மேஸ்திரியோட ஒரு நாள் கூலி போதும்.

கார்த்திக் கொட்டேஷன்ல இந்த ஒரு வரியை அடிச்சாலே ₹12,000-ம் அதுக்கான ஜி.எஸ்.டி. ₹2,160-ம் சேர்த்து ₹14,160 மிச்சம். மீதி ₹1,14,460. இது மொத்தமும் தேவையான்னு அடுத்து பார்ப்போம்.

ரெண்டாவது கேள்வி: ஈரம் மாடியிலிருந்துதான் வருதா?

காய்ச்சல்னு சொன்னதும் டெஸ்ட் எடுக்காம ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கிற டாக்டர்கிட்ட போவீங்களா? ஈரம்னு சொன்னதும் முழு மாடிக்கும் கோட்டிங்னு சொல்றதும் அப்படித்தான். ஈரம் எப்போ வருது, எங்கே வருதுங்கிறதை வச்சே பாதி கண்டுபிடிச்சுடலாம்.

- மழை பெஞ்ச மறுநாள் ஈரம் பரவுது, நாலு நாள் வெயிலடிச்சா காயுதுன்னா மாடிதான் காரணமா இருக்க வாய்ப்பு அதிகம்.
- மழையே இல்லாத மாசத்துலயும் ஈரம் இருக்குன்னா மாடியில ஓடுற குடிநீர் பைப், டேங்க் நிரம்பி வழியிறது, மேல் மாடி பாத்ரூம் ஆகியவற்றைப் பாருங்க. பிளம்பர் வேலைக்கு கோட்டிங் போட்டுப் பிரயோஜனம் இல்ல.
- சீலிங்கும் வெளிச்சுவரும் சேர்ற ஓரத்துல மட்டும் இருக்குன்னா கைப்பிடிச்சுவர் விரிசல், அல்லது சுவரும் தரையும் சேர்ற மூலை விட்டுப்போயிருக்கும்.
- சுவரோட அடியில, தரையிலிருந்து ரெண்டு மூணு அடி உயரத்துக்கு உப்பு பூத்து பெயின்ட் உதிருதுன்னா அது ஓதம், மண்ணுல இருந்து ஏறுற ஈரம். மாடியில தங்கத் தகடே அடிச்சாலும் அது நிக்காது.

சந்தேகமா இருந்தா தண்ணி தேக்கிப் பார்க்கலாம். மழை இல்லாத நாளில் வடிகுழாய் வாயை அடைச்சு, சந்தேகப்படுற பகுதியைச் சுத்தி சின்னதா சிமென்ட் வரப்பு கட்டி, ஒண்ணு ரெண்டு அங்குலம் தண்ணி விட்டு 24 முதல் 48 மணி நேரம் விடுங்க. பக்கத்துலயே ஒரு அகலமான பாத்திரத்துல தண்ணி வச்சு, ரெண்டுலயும் மட்டத்தை மார்க்கர்ல குறிச்சுக்கோங்க. பாத்திரத்துல குறையிறது ஆவியானது. அதைவிட அதிகமா தரையில குறைஞ்சா தண்ணி எங்கேயோ இறங்குதுன்னு அர்த்தம். இதுக்குச் செலவு சில நூறு ரூபாய்தான். ஒரு எச்சரிக்கை: சீலிங் ஏற்கனவே தொங்கியிருந்தா, கம்பி தெரிஞ்சா, இந்த டெஸ்ட் பண்ணாதீங்க. ரெண்டு அங்குலத் தண்ணியே ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோ பாரம். அந்த வீட்டுக்கு முதல்ல தேவை ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். துரு ஏறின கம்பிக்கு மேல இருந்து கோட்டிங் போட்டா, உள்ளே நடக்கிறது கண்ணுக்குத் தெரியாம தொடரும்.

அதே மாதிரி, சீலிங் உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பட்டி, பெயின்ட் அடிச்சு மறைக்கிறதும் வேண்டாம். மேல இருந்து தண்ணி வர்ற வழியை அடைக்காம கீழே மூடினா, தண்ணி கான்கிரீட்டுக்குள்ளயே தங்கும்.

கார்த்திக் வீட்டுல ஈரம் மழைக்கு அப்புறம்தான், அதுவும் வெளிச்சுவர் மூலையில. மாடியில ஏறிப் பார்த்தா வடிகுழாய் வாயில இலையும் பிளாஸ்டிக் கவரும் அடைச்சிருக்கு. தட்டு ஓட்டுக்கு நடுவுல இருக்கிற சிமென்ட் இணைப்பு பல இடத்துல உதிர்ந்திருக்கு. கைப்பிடிச்சுவர் அடியில ஒரு நீள விரிசல். ஓடெல்லாம் கெட்டியாத்தான் இருக்கு, தட்டிப் பார்த்தா பொள்ளல் சத்தம் இல்ல. இந்த நிலையில முழு மாடி கோட்டிங் இன்னைக்கே வேணுமான்னு கணக்குப் போட்டுத்தான் சொல்லணும்.

மூணாவது கேள்வி: இது உங்க செலவா?

இதைக் கேக்காம நிறைய பேர் கையை விட்டுக் கட்டிடறாங்க.

பில்டர்கிட்ட ஃப்ளாட் அல்லது வில்லா வாங்கி அஞ்சு வருஷம் ஆகலையா? ரேரா சட்டம் 2016, பிரிவு 14(3) படி, பொசஷன் கொடுத்த நாளிலிருந்து 5 வருஷத்துக்குள்ள கட்டமைப்பு, வேலைத்தரம் சம்பந்தமான குறையைச் சுட்டிக்காட்டினா, பில்டர் 30 நாளுக்குள்ள தன் செலவுல சரிபண்ணணும். மழைக் கசிவு வேலைத்தரக் குறைன்னு நீங்க கேக்கலாம். போன்ல சொன்னா பத்தாது. போட்டோ, தேதியோட மெயில் அனுப்புங்க, ரிஜிஸ்டர் தபால்லயும் ஒரு கடிதம். நீங்களே வெளி ஆளை வச்சு கோட்டிங் போட்டுட்டா, "நீங்க கை வச்சதால வந்தது"ன்னு சொல்ல பில்டருக்கு ஒரு வழி கிடைச்சுடும். சொந்த மனையில மேஸ்திரி வச்சுக் கட்டின வீட்டுக்கு இது பொருந்தாது.

அடுக்குமாடியில கடைசி மாடி உங்களோடதா? மொட்டை மாடி பொதுவா எல்லாருக்கும் சேர்ந்த இடம். அப்போ செலவு அசோசியேஷன் கார்பஸ் ஃபண்ட்ல இருந்து வரணும். "ஈரம் உங்க வீட்டுலதானே தெரியுது"ங்கிற வாதத்துக்கு மயங்கி தனியா ₹1 லட்சம் கட்டாதீங்க. உங்க விற்பனைப் பத்திரத்துல மாடி உரிமை யாருக்குன்னு எழுதியிருக்குன்னு மட்டும் ஒருதரம் பார்த்துடுங்க.

வாடகை வீடா? தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017-ல் கட்டமைப்புப் பழுது வீட்டுக்காரர் பொறுப்பு, அந்தப் பழுது நீங்க பண்ணின சேதத்தால வராத வரைக்கும். எழுத்துல தெரிவிங்க, போட்டோ எடுத்து வைங்க. காலி பண்றப்போ அட்வான்ஸ்ல பிடிக்காம இருக்க அது உதவும்.

வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்தா? புயல், வெள்ளத்துல திடீர்னு வர்ற சேதத்துக்குத்தான் அது. வருஷக்கணக்கா மெதுவா கசியிற ஈரமும் தேய்மானமும் பாலிசியில வராது.

நாலாவது கேள்வி: வருஷத்துக்கு எவ்வளவு?

கொட்டேஷன்ல இருக்கிற மொத்தத் தொகையை மட்டும் பார்த்தா முடிவெடுக்க முடியாது. அதை எத்தனை வருஷம் தாங்கும்ங்கிறதால வகுத்துப் பாருங்க. 1,000 சதுர அடிக்கு, வரி உட்பட, ஒரு தோராயக் கணக்கு:

- ஓட்டு இணைப்பு, விரிசல், வடிகுழாய் வாய் மட்டும் சரிபண்றது: ₹22,000. 3 வருஷம் தாங்கினா வருஷத்துக்கு சுமார் ₹7,300.
- அக்ரிலிக் கோட்டிங்: ₹35,000. 4 வருஷம் தாங்கினா ₹8,750.
- பி.யூ. கோட்டிங்: ₹1,00,300. 8 வருஷம் தாங்கினா சுமார் ₹12,500.
- பழைய தளத்தை உடைச்சு, புதுசா தளம் போட்டு ஓடு பதிக்கிறது: ₹2,20,000. 20 வருஷம் தாங்கினா ₹11,000.

இதுல ரெண்டு விஷயம் கவனிங்க.

ஒண்ணு, எல்லாக் கணக்கும் "தாங்கினா"ங்கிற வார்த்தையில நிக்குது. அடித்தளம் கெட்டியா இருந்தாத்தான் கோட்டிங் நிக்கும். பொள்ளலான ஓட்டு மேல, பாசி சுரண்டாத தரை மேல, ஈரம் காயாத தளத்து மேல அடிச்சா பி.யூ.வும் ரெண்டே மழையில கொப்புளம் விட்டு உரியும். 8 வருஷம் வரவேண்டியது 4 வருஷத்துல போனா, வருஷச் செலவு ₹25,000 தாண்டிடும். அதுக்கு உடைச்சுப் போடுற வேலையே மலிவு.

ரெண்டு, உங்க திட்டம் என்னன்னு பாருங்க. அடுத்த மூணு வருஷத்துல மேல ஒரு மாடி கட்டப் போறீங்களா? அப்போ இன்னைக்கு ஒரு லட்சம் கொட்டிட்டு நாளைக்கு உடைப்பீங்களா? சின்னப் பழுது பார்த்தாப் போதும். மாறா, சோலார் பேனல் போடுற எண்ணம் இருக்கா? பி.எம். சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு ₹78,000 வரை மானியம் இருக்கறதால நிறைய பேர் போடுறாங்க. பேனல் ஸ்டாண்டு நின்ன பிறகு அதுக்கு அடியில கோட்டிங் போடுறது பெரும்பாடு. மாடி வேலையை முதல்ல முடிச்சுட்டு, சோலார் ஆளுங்க துளை போடுற இடத்தை எல்லாம் அவங்களையே சீல் பண்ணித் தரச் சொல்லி எழுதி வாங்குங்க.

வெள்ளை கோட்டிங் போட்டா வீட்டுக்குள்ள சூடு குறையும்னு சொல்லுவாங்க. கடைசி மாடி ரூமுக்கு அது உண்மைதான், வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். ஆனா தூசி படிஞ்சா அந்த பலன் குறையும். கூடுதல் லாபம்னு எடுத்துக்கோங்க, கரன்ட் பில் மிச்சத்தை வச்சு கோட்டிங் செலவை நியாயப்படுத்த வேண்டாம்.

அப்போ கார்த்திக் என்ன பண்ணலாம்?

இப்போ: வடிகுழாய் வாயைச் சுத்தம் பண்ணி, கைப்பிடிச்சுவர் விரிசலையும் ஓட்டு இணைப்பையும் சரிபண்ணணும். மழைக்கு நடுவுல நாலஞ்சு நாள் வெயில் கிடைச்சாப் போதும். செலவு ₹22,000. இது வீண் செலவும் கிடையாது, நாளைக்கு கோட்டிங் போட்டாலும் இந்த வேலையை முதல்ல முடிச்சுத்தான் ஆகணும்.

டிசம்பர் வரைக்கும்: ஒவ்வொரு கனமழைக்கு அப்புறமும் அதே மூலையை அதே கோணத்துல போட்டோ எடுக்கணும். சீலிங்ல ஈரத்தோட எல்லையைப் பென்சில்ல கோடு போட்டு தேதி எழுதி வைக்கணும். கோடு தாண்டி ஈரம் பரவுதா, சுருங்குதா, நமக்குத் தேவையான தகவல் அதுதான்.

பிப்ரவரி முதல் மே வரைக்கும்: ஈரம் நின்னுடுச்சுன்னா முழு கோட்டிங் இந்த வருஷம் வேண்டாம். நிக்கலேன்னா, தளம் நல்லா காஞ்சிருக்கிற இந்த மாசங்கள்லதான் கோட்டிங் போடணும். மழை மாசத்துல எல்லாரும் ஒரே நேரத்துல கூப்பிடுறதால ஆள் கிடைக்கிறது கஷ்டம், பேரம் பேசவும் இடமிருக்காது. கோடையில நாலு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்கலாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு: கான்கிரீட் உதிருது, கம்பி தெரியுது, சீலிங் ஃபேன் கொக்கி பக்கத்துலயோ ஒயரிங் பக்கத்துலயோ ஈரம் வருதுன்னா காத்திருக்க வேண்டாம். அந்த ரூமைக் காலி பண்ணி, மெயினை அணைச்சு, உடனே இன்ஜினியரைக் கூப்பிடுங்க. எமர்ஜென்சி ஃபண்ட் இருக்கிறதே இதுக்குத்தான்.

லோன் போடலாமா?

₹1,28,620-க்கு 14% வட்டியில 36 மாசம் பெர்சனல் லோன் எடுத்தா இ.எம்.ஐ. சுமார் ₹4,400. மொத்த வட்டி சுமார் ₹29,600. அதாவது 8 வருஷம் தாங்கப் போற ஒரு கோட்டிங்குக்கு கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு கூடுதல் விலை. பிராசஸிங் கட்டணம் தனி.

கார்த்திக்குக்கு நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஆறு மாசம் இருக்கு. மாசம் ₹10,000 ஒதுக்கினா ₹60,000. போனஸ்ல ₹40,000 வச்சிருந்தா முழு பி.யூ. கோட்டிங் செலவும் கையில ரெடி. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடவே வேண்டாம். போனஸ் இல்லைன்னா அந்த ₹40,000-ஐ மட்டும் எஃப்.டி.யிலிருந்து எடுத்து, அடுத்த நாலு மாசத்துல திரும்ப நிரப்பிடலாம்.

இன்னொரு பழக்கமும் தொடங்குங்க. சொந்த வீடுன்னா வருஷா வருஷம் தேய்மானம் இருக்கு. நாங்க கம்பெனிக் கணக்குல டெப்ரிசியேஷன் எழுதுவோம், வீட்டுல யாரும் எழுதறதில்ல. அதனால எட்டு வருஷத்துக்கு ஒருதரம் வர்ற செலவு, ஒவ்வொரு தடவையும் திடீர்னு வந்த மாதிரி தெரியுது. இன்னைக்கு ₹1 லட்சம் ஆகுற வேலை, விலைவாசி வருஷத்துக்கு 6% ஏறினா 8 வருஷத்துல சுமார் ₹1.6 லட்சம். மாசம் ₹1,300 ஆர்.டி. போட்டு, 6% வட்டி கிடைச்சா, 8 வருஷத்துல கிட்டத்தட்ட அதே ₹1.6 லட்சம் சேரும். "வீட்டு மராமத்து"ன்னு பேர் வச்சு தனி ஆர்.டி. ஒண்ணு ஆரம்பிங்க. எட்டு வருஷம் கழிச்சு ஈரம் தெரியுறப்போ பதற வேண்டியிருக்காது.

வரிச்சலுகை கிடைக்குமா?

"லோன் எடுத்தா டேக்ஸ் குறையும் சார்"னு கொட்டேஷன் கொடுக்கிறவரே சொல்லுவார். உண்மை நிலவரம் இது:

- சொந்தமா குடியிருக்கிற வீடு, பழைய வரி முறை: பழுதுபார்க்க வாங்கின கடனோட வட்டிக்கு வருஷத்துக்கு ₹30,000 வரைதான் கழிவு. 1961 சட்டத்துல 24(பி)ன்னு நாம பழகின பிரிவு. இந்த ₹30,000-மும் வீட்டுக் கடன் வட்டிக்கான ₹2 லட்சம் உச்சவரம்புக்குள்ளதான் அடங்கும், கூடுதலா கிடைக்காது.
- புதிய வரி முறை: குடியிருக்கிற வீட்டுக்கு வட்டிக் கழிவு கிடையாது. 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய முறைதான் டீஃபால்ட். நீங்க மாத்தலேன்னா அதுலதான் இருக்கீங்க.
- அசல் தொகை: பழுதுபார்க்கிற கடனோட அசலுக்கு 80சி கிடையாது. அது வீடு வாங்க, கட்ட எடுத்த கடனுக்கு மட்டும்.
- வாடகைக்கு விட்ட வீடு: வாடகையில (சொத்து வரி கழிச்சது போக) 30% ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எப்படியும் உண்டு. நீங்க ஒரு லட்சம் செலவு பண்ணினாலும், ஒண்ணுமே பண்ணலேன்னாலும் அதே 30%தான்.
- வீட்டை விக்கிறப்போ: கோட்டிங், பெயின்ட், விரிசல் அடைக்கிறது எல்லாம் பராமரிப்பு. அதை வீட்டோட அடக்க விலையில சேர்த்து மூலதன ஆதாயத்தைக் குறைக்க முடியாது. புது ரூம், புது மாடி கட்டினா அது வேற.

மொத்தத்துல, வரிச்சலுகைக்காக இந்தக் கடனை எடுக்க ஒரு காரணமும் இல்ல.

கொட்டேஷனுக்கு சரின்னு சொல்றதுக்கு முன்னாடி

*ஜி.எஸ்.டி.:* 18% வரி கேட்டா, ஜி.எஸ்.டி. நம்பரோட பில் கேளுங்க. அந்த நம்பரை ஜி.எஸ்.டி. போர்ட்டல்ல போட்டா பேரும் ஸ்டேட்டஸும் வரும். வருஷ வரவு ₹20 லட்சத்தைத் தாண்டாத சின்ன கான்ட்ராக்டர் பதிவு பண்ண வேண்டிய அவசியமில்ல. அவர் நேர்மையான ஆளாவே இருக்கலாம், ஆனா அவர் வரி வசூலிக்கக் கூடாது. காம்போசிஷன்ல இருக்கிறவரும் அப்படித்தான். "பில் வேண்டாம்னா 18% குறைச்சுக்கறேன்"னு சொன்னா, கூடவே வாரண்டியும் போகுதுன்னு புரிஞ்சுக்கோங்க. பில் இல்லாம எந்த வாரண்டியும் நிக்காது.

*வாரண்டி:* "10 வருஷம் வாரண்டி"ன்னா, மெட்டீரியலுக்கா, வேலைக்கா, யார் கொடுக்கிறாங்கன்னு கேளுங்க. கம்பெனி கொடுக்கிறது பெரும்பாலும் டப்பாக்குள்ள இருக்கிற பொருளுக்கு. கசிஞ்சா வந்து திரும்பப் போட்டுத் தர்றது அடிச்ச ஆளோட பொறுப்பு. அதை அவர் லெட்டர்பேடுல எழுதி வாங்குங்க. கட்டடத்துல புதுசா வர்ற விரிசல், தண்ணி தேங்கி நிக்கிறது, துளை போட்டது இதையெல்லாம் விலக்கி எழுதியிருப்பாங்க, அந்தப் பகுதியைப் படிங்க.

*அளவு:* டேப் பிடிச்சு நீங்களே அளங்க. படிக்கட்டு ரூம், டேங்க் நிக்கிற இடம் எல்லாம் சேர்த்து 1,000-னு போட்டிருப்பாங்க. 80 சதுர அடி குறைஞ்சாலே ₹85 ரேட்டுல ₹6,800 மிச்சம்.

*வேலை விவரம்:* எத்தனை கோட்டு, எந்தப் பொருள், ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு, நடுவுல வலை வைப்பாங்களா, சுவர்ல எவ்வளவு உயரம் ஏத்துவாங்கன்னு எழுதி வாங்குங்க. டப்பா உங்க கண்ணு முன்னாடி பிரிக்கணும். தண்ணி கலக்கி ஒரு டப்பாவை ரெண்டாக்குறது இந்தத் தொழில்ல தெரியாத விஷயமில்ல.

*பணம்:* மெட்டீரியல் வந்ததும் 40%, வேலை முடிஞ்சதும் 40%, 48 மணி நேரம் தண்ணி தேக்கிப் பார்த்த பிறகு கடைசி 20%. இதுல கடைசிப் பங்கைத்தான் விட்டுக்கொடுக்கக் கூடாது. எல்லாம் யு.பி.ஐ. அல்லது பேங்க் மூலமா கொடுங்க.

சுருக்கமா

1. கீழே கம்பி இருக்கிற தரைக்குத்தான் சீல் அவசியம். மண்ணு இருக்கிற தரைக்கு அது அலங்காரம்.
2. ஈரம் எங்கிருந்து வருதுன்னு தெரியாம ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீங்க.
3. பில்டர், அசோசியேஷன், வீட்டுக்காரர்: யார் கட்டணும்னு முதல்ல பாருங்க.
4. மொத்தச் செலவை ஆயுளால வகுத்துப் பாருங்க.
5. மழையில சின்னப் பழுது, கோடையில பெரிய வேலை.
6. கடன் வேண்டாம், மாசம் ₹1,300 ஆர்.டி. போடுங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை காலையில ஒரு விளக்குமாறும் மார்க்கரும் எடுத்துக்கிட்டு மாடிக்குப் போங்க. வடிகுழாய் வாயைச் சுத்தம் பண்ணுங்க, விரிசலைச் சுத்தி வட்டம் போடுங்க, போட்டோ எடுங்க. அரை மணி நேர வேலை. அதுக்கு அப்புறம் கொட்டேஷன் வாங்கினா, எந்த வரியை அடிக்கணும்னு உங்களுக்கே தெரியும்.

உங்க கொட்டேஷன்ல புரியாத வரி ஏதாவது இருந்தா கமென்ட்ல எழுதுங்க, அடுத்த வீடியோவுல எடுத்துக்கலாம். சொந்த வீட்டுல இருக்கிற நண்பர்களுக்கு இதை அனுப்பி வைங்க.